பூஞ்சை மாத்திரையும் அட்ரீனல் சுரப்பியும்



பூஞ்சை நோய்க்குச் சாப்பிடுகிற மாத்திரை ஓர் ஆணின் மார்பை ஏன் வீங்க வைக்க வேண்டும்? இன்று நான் பேசப்போவது எல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். படர்தாமரையோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவர்கள், ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் இழுக்கிறவர்கள், கோவிட் காலத்தில் கருப்புப் பூஞ்சையில் சிக்கி மீண்டவர்கள், வாழைக்கு மருந்தடிக்கிற விவசாயிகள் என்று பலருக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது. அதனால்தான் வகுப்பறைப் பாடமாக இருந்த ஒன்றைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். வேதியியல் கொஞ்சம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், பரீட்சை கிடையாது.

பெல்ஜியத்தில் பீர்சே என்று ஒரு சிற்றூர். மருந்து உலகத்தில் அந்த ஊருக்குப் பெரிய பெயர். பால் யான்சென் என்ற மருத்துவர் நிறுவிய ஆய்வுக்கூடம் அங்கேதான் இருக்கிறது. 1970களின் பிற்பாதியில் அங்கு யான் ஹேரெஸ் என்ற வேதியியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் கீட்டோகோனசோல் என்ற பொருளை உருவாக்கினார்கள். அந்தக் காலத்தில் பூஞ்சை நுரையீரலுக்குள்ளோ ரத்தத்திலோ புகுந்துவிட்டால் மருத்துவர் கையில் இருந்த பெரிய ஆயுதம் ஆம்ஃபோடெரிசின் மட்டும்தான். அதை ரத்தநாளத்தில்தான் ஏற்ற வேண்டும். ஏற்றும்போதே நோயாளி குளிரில் நடுங்குவார், காய்ச்சல் வரும், நாளாக நாளாகச் சிறுநீரகம் அடிவாங்கும். அப்படிப்பட்ட நிலையில், விழுங்கினால் போதும், உடலெங்கும் போய் வேலை செய்யும் என்று ஒரு மாத்திரை வந்தால் எப்படி இருந்திருக்கும்! 1981இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

அனுமதிக்கு முன்பிருந்தே அதை ஆர்வத்தோடு சோதித்தவர்கள் கலிஃபோர்னிய மருத்துவர்கள். அந்த மாநிலத்தின் வறண்ட பள்ளத்தாக்கு மண்ணில் காக்சிடியாய்டிஸ் என்ற பூஞ்சை வாழ்கிறது. புழுதி பறக்கும்போது மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் தங்கிவிடும். வேலி ஃபீவர் என்பார்கள். பிடித்தால் எளிதில் விடாது. ஆகையால் அந்த நோயாளிகளுக்கு இந்த மாத்திரையைக் கூடுதல் அளவில், மாதக்கணக்கில் கொடுத்தார்கள். கொடுத்த இடத்தில் எதிர்பாராத புகார்கள் வந்தன. ஆண்கள் சிலருக்கு மார்பு வலித்தது, வீங்கியது. சிலருக்குத் தாம்பத்திய நாட்டம் குறைந்தது.

இதைக் கேட்டுவிட்டு, மருந்து என்றால் ஏதாவது இருக்கத்தான் செய்யும் என்று ஒதுக்கியிருக்கலாம். ஆலன் பான்ட், டேவிட் ஸ்டீவன்ஸ் ஆகியோர் இருந்த குழு ஒதுக்கவில்லை. நோயாளிகளுக்கும் நலமாக இருந்த தன்னார்வலர்களுக்கும் மருந்து கொடுத்து, சில மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 1982இல் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று, கீட்டோகோனசோல் ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோன் உற்பத்தியைத் தடுக்கிறது என்றது. மற்றொன்று, உடல் நெருக்கடியைத் தாங்கத் தேவையான கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அட்ரீனல் சுரப்பி சுரப்பதையும் தடுக்கிறது என்றது. மருந்தின் அளவு ரத்தத்தில் ஏற ஏற ஹார்மோன் இறங்கியது. மருந்து வடிய வடிய ஹார்மோன் பழைய இடத்துக்கு வந்தது. ஆக, விரையும் சுரப்பியும் கெட்டுப்போகவில்லை. மருந்து உள்ளே இருக்கும் வரைக்கும் வேலை நின்றுபோகிறது, அவ்வளவுதான். மார்பு வீங்கியதற்கும் விடை கிடைத்தது. ஆணின் உடலிலும் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் உண்டு. டெஸ்டோஸ்டீரோன் சரிந்த அளவுக்கு அது சரியவில்லை. இரண்டுக்கும் இடையே இருந்த விகிதம் புரண்டுவிட்டது.

சரி, பூஞ்சையைக் கொல்லப் பிறந்த மருந்துக்கு நம் ஹார்மோனோடு என்ன வேலை?

இதற்கு விடை சொல்ல, பூஞ்சை நமக்கு என்ன உறவு என்று பார்க்க வேண்டும். காளானைக் காய்கறிக் கடையில் பார்த்துப் பழகியதால் அதைச் செடிகொடிகளின் பக்கத்தில் வைத்துவிடுகிறோம். உண்மையில் பரிணாம மரத்தில் பூஞ்சைகள் தாவரங்களைக் காட்டிலும் விலங்குகளுக்கே நெருக்கமானவை. புரதங்களின் வரிசைகளை ஒப்பிட்டு 1993இல் வெளிவந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து நிறைய இருக்க, பூஞ்சையைக் கொல்லும் மருந்து விரல்விட்டு எண்ணும்படி இருப்பதற்குக் காரணமும் இதுதான். பாக்டீரியாவின் செல்லில் நம்மிடம் இல்லாத சாமான்கள் பல உண்டு, அவற்றைக் குறிவைக்கலாம். பூஞ்சையின் செல்லோ பெரும்பாலும் நம்முடையதைப் போன்றது. அங்காளி பங்காளிச் சண்டையில் அடி யார்மேல் விழும் என்று சொல்ல முடியாதல்லவா?

வேறுபாடு ஒன்று உண்டு. நம் செல்லின் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கிறது. பூஞ்சையின் சவ்வில் அந்த இடத்தில் எர்கோஸ்டீரால் இருக்கிறது. இரண்டுமே லானோஸ்டீரால் என்ற ஒரே முன்பொருளிலிருந்து உருவாகின்றன. லானோஸ்டீராலின் 14ஆம் இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கார்பனை வெட்டியெடுக்க ஓர் என்சைம் தேவை. அது வேலை செய்யாவிட்டால் பூஞ்சைக்கு எர்கோஸ்டீரால் கிடைக்காது, சவ்வு சீர்கெடும், வளர்ச்சி நிற்கும். கீட்டோகோனசோல், இட்ராகோனசோல், ஃப்ளூகோனசோல், வோரிகோனசோல், போசகோனசோல் என்று பெயரில் 'கோனசோல்' கொண்ட மருந்துகள் எல்லாம் இந்த என்சைமைத்தான் பிடிக்கின்றன.

எப்படிப் பிடிக்கின்றன என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அந்த என்சைம் பி-450 என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் ஓமுரா, சாட்டோ என்ற ஜப்பானிய விஞ்ஞானிகள் இந்தப் பெயரைக் கொடுத்தார்கள். கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் 450 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும் என்பதால் அந்த எண். இந்தக் குடும்பத்தார் அனைவருக்கும் நடுவில் ஓர் இரும்பு அணு இருக்கும். ரத்தச் சிவப்பில் இருக்கிறதே, அதே வகை ஹீம் இரும்பு. ஆக்சிஜன் வந்து அந்த இரும்பில் அமர்ந்துதான் வேலை நடக்க வேண்டும். கோனசோல் மருந்துகளின் மூலக்கூறில் ஐந்து அணுக்களால் ஆன ஒரு வளையம் உண்டு. அதில் உள்ள நைட்ரஜன் போய் அந்த இரும்பைப் பற்றிக்கொள்கிறது. ஆக்சிஜனுக்கு இடமில்லை. என்சைம் முடங்குகிறது.

இப்போது சிக்கல் புரிந்திருக்கும். மனிதனிடம் பி-450 என்சைம்களுக்கான மரபணுக்கள் 57 இருக்கின்றன. அத்தனையிலும் நடுவில் அதே இரும்பு. இரும்பைப் பிடிக்கத் தெரிந்த நைட்ரஜனுக்கு இது பூஞ்சையின் இரும்பு, இது மனிதனின் இரும்பு என்று பிரித்தறியும் வழி கிடையாது. மூலக்கூறின் மற்ற பகுதிகள் என்சைமின் குழிக்குள் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகின்றன என்பதை வைத்துத்தான் பாகுபாடு வருகிறது. ஃப்ளூகோனசோல் போன்ற பிந்தைய மருந்துகளில் இந்தப் பாகுபாடு நன்றாக அமைந்தது. கீட்டோகோனசோலில் அவ்வளவாக அமையவில்லை.

நம் ஸ்டீராய்டு ஹார்மோன்கள் உருவாகும் விதத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் தாய்ப்பொருள் கொலஸ்ட்ரால். அதில் 27 கார்பன். வாலை வெட்டி 21 கார்பனாக்கினால் கார்ட்டிசாலுக்கும் ஆல்டோஸ்டீரோனுக்கும் வழி. 19 ஆக்கினால் டெஸ்டோஸ்டீரோன். 18 ஆக்கினால் ஈஸ்ட்ரோஜன். ஏரியிலிருந்து புறப்படும் வாய்க்கால் கிளைகிளையாகப் பிரிந்து வெவ்வேறு வயலுக்குப் போவதைப் போலத்தான் இது. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு மடை. அந்த மடைகளில் பெரும்பாலானவை பி-450 என்சைம்கள். முதல் மடையை அடைத்தால் எல்லா வயலும் காயும். நடு மடையை அடைத்தால் ஒரு வயல் காய, தேங்கிய தண்ணீர் கரை புரண்டு பக்கத்து வயலை மூழ்கடிக்கும். எந்த மருந்து எந்த மடையை அடைக்கிறது என்று தெரிந்துவிட்டால் நோயாளிக்கு என்ன ஆகும் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். கீட்டோகோனசோல் பல மடைகளில் கைவைக்கும் ஆள். வாலை வெட்டும் முதல் மடை, ஆண்மை ஹார்மோன் பக்கம் திருப்பிவிடும் 17ஆம் எண் மடை, கார்ட்டிசாலின் கடைசி மடை மூன்றையும் அடைக்கும்.

அப்படியானால் கீட்டோகோனசோல் சாப்பிட்டவர்கள் எல்லாரும் ஏன் மயங்கி விழவில்லை? நியாயமான கேள்வி. கார்ட்டிசால் குறைந்தால் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி பொறுத்துக்கொண்டிருக்காது. ஏசிடிஎச் என்ற ஹார்மோனை அதிகமாக அனுப்பி அட்ரீனலை விரட்டும். நாளுக்கு ஒரு முறை 200 மில்லிகிராம் எடுப்பவருக்கு அடைப்பு சில மணி நேரம்தான், மீதி நேரத்தில் சுரப்பி ஈடுகட்டிவிடும். அளவு கூடும்போது இந்த ஈடு போதாமல் போகிறது. நாளுக்கு 800 மில்லிகிராம் போனால் டெஸ்டோஸ்டீரோன் குறையும், 1600 போனால் அற்றே போகும் என்று அந்த மருந்தின் விவரத்தாளே சொல்கிறது.

இதே வளையம் வேறொரு மருந்தில் இருந்துகொண்டு செய்த வேலை இன்னும் கொடியது. எடோமிடேட் என்று ஒரு மயக்க மருந்து. பூஞ்சைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் பிறந்த வீடு அதே பீர்சே, வளையம் அதே வளையம். ரத்த அழுத்தத்தைக் கீழே தள்ளாமல் சட்டென்று மயக்கும் என்பதால் மயக்க மருத்துவர்களுக்கு அது செல்லப்பிள்ளை. அறுவை சிகிச்சைக்கு முன் ஓர் ஊசி போடுவதோடு நிற்காமல், தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருப்பவர்களை நாள்கணக்கில் உறங்கவைக்கவும் அதைச் சொட்டுச்சொட்டாக ஏற்றத் தொடங்கினார்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் லெடிங்ஹாம், வாட் என்ற இரு மருத்துவர்கள் தங்கள் பிரிவின் கணக்கைத் திருப்பிப் பார்த்தார்கள். விபத்தில் அடிபட்டு வந்தவர்களில் எடோமிடேட் ஏற்றப்பட்டவர்கள் மற்றவர்களைவிட மிக அதிகமாக இறந்திருந்தார்கள். 1983இல் லான்செட் இதழுக்கு அதைக் கடிதமாக எழுதினார்கள். காரணம் விரைவில் தெரிந்தது. கார்ட்டிசாலின் கடைசி மடையை எடோமிடேட் இறுக அடைக்கிறது. கார்ட்டிசால் அதிகம் தேவைப்படும் வேளையில், அதாவது உடல் உயிருக்குப் போராடும் வேளையில், அது வராமல் செய்திருக்கிறது. பூஞ்சை மருந்தில் ஒரு வருடம் முன்பே எழுதப்பட்டிருந்த எச்சரிக்கையை மயக்க மருத்துவர்கள் படித்திருக்க வாய்ப்பில்லை. அவரவர் இதழை அவரவர் படிக்கிறோம். மருத்துவத்தின் இந்தப் பழக்கம் இன்றும் மாறியதாக எனக்குத் தெரியவில்லை.

கதையில் இங்கே ஒரு திருப்பம். ஹார்மோனை நிறுத்துவது ஒருவருக்குத் தீங்கு என்றால் இன்னொருவருக்கு அதுவே மருந்தாகலாம் அல்லவா? புராஸ்டேட் புற்று ஆண்மை ஹார்மோனைத் தின்று வளர்கிறது என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இலேயே காட்டியிருந்தார். அதற்காக 1966இல் நோபல் பரிசும் வாங்கினார். விரையை அகற்றினாலும் அட்ரீனல் கொஞ்சம் ஆண்மை ஹார்மோனைச் சுரந்துகொண்டிருக்கும். கீட்டோகோனசோல் இரண்டு ஊற்றையும் ஒருசேர அடைக்கிறதே என்று யோசித்தவர் கனடாவில் டொரான்டோ நகரின் ஜான் டிராக்டன்பர்க். 1983இல் 8 மணி நேரத்துக்கு ஒரு முறை 400 மில்லிகிராம் என்று கொடுத்துப் பார்த்தார். பலன் இருந்தது. வயிற்றுக் குமட்டலும் கல்லீரல் பாதிப்பும் கூடவே இருந்தன. பூஞ்சை மருந்தை இரவல் வாங்கினால் அப்படித்தான். இரவல் வாங்காமல், 17ஆம் எண் மடையை மட்டும் பிடிக்கிற மாதிரி புதிதாக ஒன்றைச் செய்யலாமே என்று லண்டன் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் 1990களின் தொடக்கத்தில் இறங்கினார்கள். அபிராடெரோன் பிறந்தது. 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, இன்று நம் ஊர்ப் புற்றுநோய் மருத்துவர்களும் எழுதும் மாத்திரை அது. இடையில் அதன் உரிமை கைமாறிக் கைமாறிக் கடைசியில் வந்து சேர்ந்த இடம் எது தெரியுமா? யான்சென். கீட்டோகோனசோல் பிறந்த அதே வீடு.

அபிராடெரோன் எழுதும்போது கூடவே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டையும் எழுதுவார்கள். ஏன் என்று கேட்காமலே விழுங்குகிறவர்கள்தான் அதிகம். 17ஆம் எண் மடை அடைபட்டால் கார்ட்டிசாலும் குறைகிறது, ஏசிடிஎச் ஏறுகிறது, தேங்கிய பொருள்கள் உப்பைத் தேக்கிவைக்கும் ஹார்மோன் பக்கம் பெருகுகின்றன. ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், கால் வீங்கும். பிரெட்னிசோலோன் கொடுத்தால் ஏசிடிஎச் அடங்கிவிடும். அதை நிறுத்திவிட்டு அபிராடெரோனை மட்டும் தொடர்வது ஆபத்து.

கார்ட்டிசால் மிதமிஞ்சிச் சுரக்கும் குஷிங் நோய்க்கும் கீட்டோகோனசோல் கைகொடுத்தது. முகம் நிலாப்போல் வட்டமாகும், வயிறு பெருக்கும், கைகால் மெலியும், தோல் காகிதமாகும், சர்க்கரையும் அழுத்தமும் ஏறும். அறுவை சிகிச்சைதான் முதல் வழி. அது பலிக்காதபோது, அல்லது அதற்கு முன் உடலைத் தேற்ற, கார்ட்டிசாலைக் குறைக்கும் மாத்திரை வேண்டும். இத்தாலியின் நிக்கோலெட்டா சோனினோ 1987இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை உலகெங்கும் படிக்கப்பட்டது. பிரான்ஸில் இப்படிச் சிகிச்சை பெற்ற 200 பேரின் விவரங்கள் 2014இல் வெளிவந்தன. கடைசியாகப் பார்த்தபோது அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கார்ட்டிசால் சரியான அளவுக்கு வந்திருந்தது. பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த நோயில் மாத்திரையால் பாதிப் பேர் தேறுவது சிறிய விஷயமும் இல்லை.

கவனியுங்கள், 2013 ஜூலை 26ஆம் தேதி ஐரோப்பிய மருந்து முகமை, கீட்டோகோனசோல் மாத்திரையைப் பூஞ்சை நோய்க்குக் கொடுப்பதை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. கல்லீரல் பாதிப்பு முதல் காரணம். அதே நாளில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் கடும் கட்டுப்பாடு விதித்தது. கல்லீரலோடு அட்ரீனலையும் மற்ற மருந்துகளோடு மோதுவதையும் அது குறிப்பிட்டது. நகப் பூஞ்சைக்கும் தோல் பூஞ்சைக்கும் அதைக் கொடுக்கவே கூடாது என்றது. அடுத்த ஆண்டே ஐரோப்பா அதே மாத்திரைக்குக் குஷிங் நோயில் அனுமதி கொடுத்தது. தான் பிறந்த வேலையிலிருந்து நீக்கப்பட்டு, எந்தக் குற்றத்துக்காகப் பெயர் கெட்டதோ அந்தக் குற்றத்துக்கே நியமன ஆணை வாங்கிய மருந்து இது. 2021 டிசம்பரில் அமெரிக்காவும், கீட்டோகோனசோல் கலவையில் இருக்கும் இரு கண்ணாடிப் பிம்ப வடிவங்களில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்த லெவோகீட்டோகோனசோலுக்குக் குஷிங் நோயில் அனுமதி அளித்தது.

இனி நம் பக்கம் வருகிறேன்.

2021இல் கோவிட் இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை நம் ஊரை உலுக்கியது. அந்த மே மாதம் தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. கட்டுக்கடங்காத சர்க்கரையும், கோவிட்டுக்காகத் தாராளமாகக் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டும் சேர்ந்து அந்தப் பூஞ்சைக்கு வழிவிட்டன. அறுவை சிகிச்சை, ஆம்ஃபோடெரிசின், பிறகு வீட்டில் தொடர்வதற்குப் போசகோனசோல் மாத்திரை என்று வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் சிகிச்சை நீண்டது. போசகோனசோல் அடைக்கும் மடை கார்ட்டிசாலின் கடைசி மடை. அதற்கு முந்தைய பொருள்கள் தேங்குகின்றன. அவற்றில் ஒன்றுக்கு ஆல்டோஸ்டீரோனைப் போல் உப்பைத் தேக்கும் குணம் உண்டு. ஆகவே ரத்த அழுத்தம் ஏறுகிறது, பொட்டாசியம் இறங்குகிறது. ஆனால் ரத்தத்தில் ஆல்டோஸ்டீரோனைப் பார்த்தால் குறைவாக இருக்கும், அதைச் சுரக்கத் தூண்டும் ரெனினும் குறைவாக இருக்கும். அமெரிக்காவில் போசகோனசோல் எடுத்த 69 பேரைக் கவனித்த ஓர் ஆய்வில் 16 பேருக்கு இந்நிலை இருந்தது. ரத்தத்தில் மருந்தின் அளவு கூடக்கூட, வயது கூடக்கூட வாய்ப்பும் கூடியது.

நம் சூழலில் இதைக் கண்டுபிடிப்பது எளிதில்லை. ஆம்ஃபோடெரிசினும் பொட்டாசியத்தைக் குறைக்கும், அது சிறுநீரகத்தின் வழியாக. எனவே போசகோனசோல் நாள்களில் பொட்டாசியம் குறைந்தால் பழி முந்தைய மருந்தின்மேல் விழும். ரத்த அழுத்தம் ஏறினால் சர்க்கரை நோயாளிக்கு வருவதுதானே என்று ஒரு மாத்திரை கூடும். இப்படிப்பட்டவருக்கு வேண்டியது இன்னொரு அழுத்த மாத்திரையா, போசகோனசோலின் அளவைக் குறைப்பதா, வேறு பூஞ்சை மருந்துக்கு மாற்றுவதா என்பதை மருந்துச் சீட்டு முழுவதையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற ஒருவர்தான் சொல்ல முடியும். அந்த ஒருவர் இல்லாத இடத்தில்தான் தீங்கு நடக்கிறது என்பது என் எண்ணம்.

அடுத்தது நான் அதிகம் கவலைப்படும் விஷயம். இதில் மருந்து ஹார்மோன் உற்பத்தியில் நேரடியாகக் கைவைப்பதில்லை, சுற்றுவழியாக வருகிறது. ஆஸ்துமா இன்ஹேலரில் புடிசோனைடு, ஃப்ளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டுகள் இருக்கின்றன. நுரையீரலிலிருந்தும் வயிற்றிலிருந்தும் கொஞ்சம் ரத்தத்துக்குப் போனாலும் கல்லீரல் உடனே சிதைத்துவிடும். அதனால்தான் இன்ஹேலர் பாதுகாப்பானது. இன்ஹேலரைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். ஆனால் சிதைக்கிற அந்த என்சைமும் பி-450 குடும்பம்தான். இட்ராகோனசோல் அதை முடக்குகிறது. இன்ஹேலரில் இழுத்த ஸ்டீராய்டு சிதையாமல் ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகிறது. உடல் அதைத் தன் கார்ட்டிசால் என்று நம்பி, அட்ரீனலை ஓய்வெடுக்கச் சொல்லிவிடுகிறது. முகம் உப்புகிறது, உள்ளே சுரப்பி உறங்குகிறது. டென்மார்க்கில் இட்ராகோனசோலும் புடிசோனைடும் சேர்த்து எடுத்த 25 நுரையீரல் நோயாளிகளைச் சோதித்தபோது 11 பேருக்கு அட்ரீனல் செயல் குன்றியிருந்தது. 2002இல் வெளிவந்த ஆய்வு இது.

இந்தச் சேர்க்கை இங்கே அரிதல்ல. ஆஸ்துமாக்காரர்களில் சிலருக்கு நுரையீரலில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைக்கு ஒவ்வாமை வரும். அதற்கு இட்ராகோனசோல் முறையான சிகிச்சை. சண்டிகரில் உள்ள முதுநிலை மருத்துவ ஆய்வு நிறுவனம் இந்த நோயில் உலகமே மதிக்கும் ஆய்வுகளைச் செய்திருக்கிறது. அங்கே தெரிந்து, கண்காணித்துக் கொடுக்கிறார்கள். என் கவலை தெரியாமல் சேரும் இடங்களைப் பற்றியது. கடந்த சில ஆண்டுகளில் நாடு முழுவதும் படர்தாமரை முன்னெப்போதும் இல்லாத பிடிவாதத்தோடு பரவியிருக்கிறது. இதற்குக் காரணமான ஒரு பூஞ்சைக்கு 2020இல் டிரைகோஃபைட்டான் இன்டோட்டினியே என்று பெயரிட்டார்கள். டெர்பினாஃபின் என்ற நல்ல மருந்துக்கு அது பல இடங்களில் அடங்குவதில்லை. ஆகவே இட்ராகோனசோல் கேப்சூல் வாரக்கணக்கில் ஓடுகிறது. கூடவே மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்பு. குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்தையும் பாக்டீரியா மருந்தையும் கலந்த குழாய். தடவிய இரண்டாம் நாள் அரிப்பு நிற்கும், இரண்டாம் மாதம் இடுப்பெல்லாம் படரும். உடலின் பெரும்பகுதியில் நாள்கணக்கில் தடவினால் குளோபெட்டசால் தோல் வழியே உள்ளே போய்த் தானே அட்ரீனலை அடக்கவல்லது. தோல் மருத்துவர் சங்கங்கள் இதற்காகக் கரடியாய்க் கத்திக்கொண்டிருக்கின்றன. விற்பனை நின்றபாடில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொடுகுக்குப் போடும் கீட்டோகோனசோல் ஷாம்பு பற்றி யாரும் அஞ்ச வேண்டாம். தோல் வழியே உள்ளே போவது மிகச் சொற்பம். டெர்பினாஃபின் பிடிக்கும் என்சைம் பி-450 குடும்பம் இல்லை, ஸ்டீராய்டு வாய்க்கால் பக்கமே அது போகாது. வெள்ளைப்படுதலுக்கு ஒரே ஒரு முறை எடுக்கும் ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் வேறு, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் நாள்தோறும் 400 முதல் 800 மில்லிகிராம் வரை நீண்ட நாள் எடுப்பது வேறு. பின்னதில் குழந்தையின் மண்டையோட்டிலும் எலும்பிலும் கோளாறு வந்ததாகச் சில நிகழ்வுகள் பதிவாகி, 2011இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அந்தக் கோளாறு, பி-450 என்சைம்களுக்கு எலக்ட்ரான் கொடுக்கும் புரதம் பிறவியிலேயே பழுதான குழந்தைகளிடம் காணும் கோளாற்றை ஒத்திருக்கிறது. கர்ப்பிணிகள் எந்தப் பூஞ்சை மாத்திரைக்கு முன்பும் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும்.

விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. வாழை இலைப்புள்ளிக்கு அடிக்கும் புரோபிகோனசோல், நெல்லுக்கு அடிக்கும் ஹெக்சகோனசோல், டெபுகோனசோல் எல்லாம் இதே குலம்தான். இதே குலத்தைச் சேர்ந்த புரோகுளோராஸ் என்ற பூஞ்சைக்கொல்லியைச் சினை எலிகளுக்குக் கொடுத்தபோது, ஆண் குட்டிகளில் டெஸ்டோஸ்டீரோன் குறைந்து பெண் சாயல் வந்ததை டென்மார்க் விஞ்ஞானிகள் பதிவுசெய்திருக்கிறார்கள். அது ஆய்வுக்கூட அளவு, சாப்பாட்டுத் தட்டில் வரும் மிச்சத்தின் அளவு இல்லை. இதை வைத்து யாரையும் பயமுறுத்த மாட்டேன். ஆனால் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, முகத்தை மூடாமல், காற்றுக்கு எதிரே நின்று அடிக்கிறவர் தன் உடம்பில் வாங்கும் அளவு தட்டில் வரும் அளவைவிடப் பன்மடங்கு. கையுறையும் முகமூடியும் போடச் சொல்கிறேன்.

பூஞ்சையின் இரும்பை மட்டும் பிடிக்கும் மருந்து வரவே வராதா? வந்துகொண்டிருக்கிறது. வளையத்தில் நைட்ரஜன்களின் எண்ணிக்கையை மாற்றி, இரும்பின்மேல் பிடியைத் தளர்த்தி, பூஞ்சை என்சைமின் குழிக்குள் மட்டும் பொருந்தும்படி மற்ற பகுதிகளைச் செதுக்கினார்கள். அப்படி உருவான ஓட்டெசெகோனசோலுக்கு 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. திரும்பத்திரும்ப வரும் பெண்ணுறுப்புப் பூஞ்சைக்கு மட்டும், அதுவும் இனிக் கருத்தரிக்க வாய்ப்பில்லாத பெண்களுக்கு மட்டும். நுரையீரல் பூஞ்சைக்கும் கருப்புப் பூஞ்சைக்கும் இன்றைக்கும் நம் கையில் முதன்மையாக இருப்பவை பழைய கோனசோல்களும் ஆம்ஃபோடெரிசினும்தான். அவை உயிர் காப்பவை. நான் பேசியதைக் கேட்டுவிட்டு யாரும் அவற்றைத் தாமாக நிறுத்திவிடாதீர்கள்.

கேட்டுக்கொள்வது இதுதான். பூஞ்சைக்கு மாத்திரை எழுதும் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது உங்கள் இன்ஹேலரையும் தடவும் களிம்புக் குழாயையும் மற்ற மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு போய் அவர் மேசையில் வையுங்கள். மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் காரணமில்லாத அசதி, எழுந்து நின்றால் தலைசுற்றல், குமட்டல், எடை இறக்கம், ஆண்களுக்கு மார்பு வலி, புதிதாக ஏறிய ரத்த அழுத்தம், முகம் உப்புதல் இவற்றில் எது வந்தாலும் அதே மருத்துவரிடம் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். சோடியம், பொட்டாசியம், காலை 8 மணிக்கு எடுக்கும் கார்ட்டிசால் என்ற மூன்று ரத்தப் பரிசோதனைகளோடு அவர் தொடங்கலாம். படர்தாமரைக்கு இட்ராகோனசோலும் குளோபெட்டசால் களிம்பும் சீட்டில்லாமல் கேட்டு வாங்குவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.